எங்கள் தெருவுக்கு ஏதென்ஸ் வந்த சாயங்காலம்

எங்கள் ஊர் மண்ணில் கல் கிடையாது. எல்லாம் ஆற்று வண்டல். நாள் முழுக்க உழுதாலும் கொழுவில் கல் தட்டுகிற சத்தம் கேட்காது. தெருநாயை விரட்டக்கூட மண்ணாங்கட்டியைத்தான் தேடவேண்டும். அதனால் எட்டாம் வகுப்பில் சரித்திர வாத்தியார், ஏதென்ஸ் நகரத்து ஜனங்கள் கல்லைப் போட்டு நியாயம் தீர்த்தார்கள் என்று சொன்னபோது, அத்தனை கல்லுக்கு எங்கே போனார்கள் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றிய சந்தேகம்.

வாத்தியார் கறுப்பு சிவப்புக் கரை போட்ட துண்டை ஒருபோதும் கழற்றாதவர். சென்னையில் ஆட்சி மாறிய புதுசு. சரித்திரப் பாடத்தை அவர் மேடைப்பேச்சு மாதிரிதான் நடத்துவார். கிரேக்கர்கள் என்று வந்துவிட்டால் மணி அடித்தாலும் நிறுத்தமாட்டார். மலைச்சரிவைச் செதுக்கி நாடகக் கொட்டகை கட்டினார்களாம். கடைசி வரிசையில் உட்கார்ந்தவனுக்கும் வசனம் கேட்குமாம். கோயில் தூண்களை நடுவில் கொஞ்சம் உப்பலாகச் செய்தார்களாம், தூரத்திலிருந்து பார்க்கிற கண்ணுக்கு அப்போதுதான் நேராகத் தெரியும் என்று. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது அந்தக் கல் விவகாரம். சாதாரண ஜனங்கள் கூட்டமாக உட்கார்ந்து வழக்குக் கேட்பார்கள். ஆளுக்கு இரண்டு கல், குற்றம் என்பதற்கு ஒன்று, குற்றமில்லை என்பதற்கு ஒன்று. ஒன்றைச் செல்லுகிற பானையில் போடவேண்டும், மற்றதைச் செல்லாத பானையில். யார் எதை எதில் போட்டார்கள் என்று பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியாது, பெரிய மனிதனுக்கும் தெரியாது.

இது நடந்தது மார்கழிக் கடைசியில். சம்பா தலைசாய்ந்து நின்றது. எங்கள் தெருவில் யாருக்கும் சொந்த நிலம் இல்லை. எல்லோரும் ஒரே பண்ணையில் நட்டு, ஒரே பண்ணையில் அறுத்துப் பிழைத்தவர்கள். அறுவடைக் கூலி கூடவேண்டும் என்று சங்கம் கேட்டிருந்தது. தெரு முனையில் சங்கத்தின் சிவப்புக் கொடி பறந்தது. அந்தக் கம்பத்தை நட்டவர் என் அத்தையின் கணவர். நட்ட வருடமே பண்ணை ஆட்கள் அவரை வயலில் வைத்து அடித்தார்கள். பாயில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு அத்தை எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். அப்பா தெருவில் சங்கத்தின் ஆள் ஆனார். அத்தை அதிகம் பேசமாட்டாள். கூட்டம் என்றால் கொல்லைப்பக்கம் போய்விடுவாள். அவளுக்குப் பயம் அதிகம் என்று தெருவில் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஒரு நாள் மத்தியானம் பண்ணையின் காரியக்காரர் குடை பிடித்துக்கொண்டு வரப்பில் வந்து நின்றார். மிராசுதாரை நாங்கள் பார்த்ததே கிடையாது. எங்களுக்குப் பண்ணை என்றால் அந்தக் குடைதான். கேட்ட கூலியைக் கொடுக்க அய்யா சம்மதித்துவிட்டார், ஆனால் விடிந்ததும் கொடி இறங்கியிருக்க வேண்டும் என்றார். இறங்காவிட்டால் வெளியூர் ஆட்கள் அறுப்பார்கள், மதகடியில் லாரி வந்து நிற்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். போய்ப் பார்த்தவர்கள், லாரியில் அரிவாளோடு இருந்தவர்களைவிடத் தடியோடு இருந்தவர்கள்தான் அதிகம் என்று சொன்னார்கள். பக்கத்தில் ஒரு போலீஸ் வேனும் நின்றதாம்.

அதற்குச் சிறிது காலம் முன்புதான் கிழக்கே ஒரு தெருவில் குடிசைகளுக்கு நெருப்பு வைத்திருந்தார்கள். எங்கள் தெருவில் யாரும் அதைச் சத்தமாகப் பேசமாட்டார்கள். அம்மா மட்டும் தினமும் படுக்கப்போகுமுன் எல்லாக் குடத்திலும் தண்ணீர் நிரப்பி வாசலில் வைப்பாள்.

சாயங்காலம் புங்கமரத்தடியில் தெருவே கூடியது. இளவட்டங்கள் எழுந்து எழுந்து, உயிரே போனாலும் கொடி இறங்காது என்று கத்தினார்கள். ஒருவர் கத்தினால் அடுத்தவர் அவரைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கத்தவேண்டியிருந்தது. எதிர்த்துப் பேசியவர் பெரியப்பா ஒருவர்தான். "புள்ளக்குட்டிய வச்சிக்கிட்டு இருக்கோம். துணிதானப்பா அது, எறக்கி வச்சா என்னா?" என்றார்.

"இன்னிக்குக் கொடிய எறக்கச் சொல்றான். நாளைக்குத் துண்டை எறக்கச் சொல்வான். அப்பவும் துணிதானம்பியா?" என்றார் அப்பா.

யாரோ பெரியப்பாவைப் பண்ணையாள் என்று சொல்லிவிட்டார்கள். பெரியப்பா, சொன்னவனை விட்டுவிட்டு அப்பாவின் சட்டையைப் பிடித்தார். அண்ணன் தம்பி இரண்டு பேரையும் விலக்கப் போனவர்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்ளத் தொடங்கினார்கள். பெரியப்பா அழுகிறார் என்பது அவர் முகம் விளக்கு வெளிச்சத்துக்குத் திரும்பியபோதுதான் தெரிந்தது. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் அவர்களுக்கு நடுவில் போய் நின்று, பரீட்சையில் ஒப்பிப்பது மாதிரி கத்தினேன்.

"ஏதென்ஸ்ல யாரும் கத்தமாட்டாங்க! பானையில கல்லு போடுவாங்க! யாரு எதப் போட்டாங்கன்னு யாருக்கும் தெரியாது!"

ஏதென்ஸ் எந்தத் தாலுகாவில் இருக்கிறது பாப்பா என்று ஒருவர் கேட்டார். சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் பெரியப்பாவின் கை அப்பாவின் சட்டையை விட்டது. அப்பா என்னைத் திரும்பச் சொல்லச் சொன்னார். செல்லும் பானை, செல்லாத பானை எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். கூட்டம் மெல்ல அமைதியானது. ஊருக்கு முன்னால் நின்று பயமாக இருக்கிறது என்று சொல்ல முடியாதவர்கள் அங்கே எத்தனை பேர் இருந்தார்கள் என்பது அந்த அமைதியிலேயே தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை. நான் நன்றாகச் சொன்னதால்தான் அமைதியாக இருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அப்போது கொல்லைப்பக்கமிருந்து அத்தை வந்து நின்றாள்.

"அந்த ஊர்ல பொம்பளைங்களும் போட்டாங்களா?"

"புத்தகத்துல குடிமக்கள் எல்லாரும்னு போட்டிருக்கு அத்தை," என்றேன்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பல வருடங்கள் கழித்துத் தஞ்சாவூரில் கல்லூரியில் படித்தபோதுதான், அங்கே பெண்களுக்குக் கல் கிடையாது, அடிமைகளுக்குக் கிடையாது, வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் கிடையாது என்று தெரிந்துகொண்டேன். எங்கள் தெருவில் ஒருவர் கையில்கூட ஏதென்ஸ் ஒரு கல்லைக் கொடுத்திருக்காது. ஆனால் அன்றைக்கு என் சரித்திரப் புத்தகத்தை மறுத்துப்பேச அங்கே யாரும் இல்லை. ஓரிரண்டு ஆண்கள் முனகினார்கள். "நடவு நடறது யாரு, கருக்கருவா புடிக்கறது யாரு? குடிசை எரிஞ்சா உள்ள கெடக்கறது யாரு?" என்று அம்மா கேட்டதும் பெண்களும் போடட்டும் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

கல்லுக்கு வழியில்லை. எண்ணெய்க்காகப் பொறுக்கிவைத்த வேப்பங்கொட்டை எங்கள் வீட்டில் ஒரு சாக்கு இருந்தது. புளியங்கொட்டைக்கு எந்த வீட்டிலும் பஞ்சமில்லை. ஆளுக்கு இரண்டிலும் ஒவ்வொன்று. செல்லும் பானையில் புளியங்கொட்டை போட்டால் கொடி இருக்கட்டும். வேப்பங்கொட்டை போட்டால் இறங்கட்டும் என்று முடிவானது. பொங்கலுக்கு வாங்கிய புதுப்பானை செல்லும் பானை, பழைய பானை செல்லாத பானை. விழுகிற சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அம்மா இரண்டிலும் வைக்கோலைத் திணித்தாள். பானைகளை எங்கள் வீட்டுக்குள் இருட்டில், புதுசு வாசலுக்குக் கிட்டே, பழசு கொல்லைக்குக் கிட்டே என்று வைத்தார்கள். ஒவ்வொருவராக வாசல் வழியாகப் போய்க் கொல்லை வழியாக வெளியே வரவேண்டும்.

உயிர் போனாலும் என்று கத்தியவர்கள் உள்ளே போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. அவ்வளவு சீக்கிரம் முடித்துவிட்டு வந்தார்கள். அப்பா நேரம் எடுத்துக்கொண்டார். வெளியே வந்தவர் யார் முகத்தையும் பார்க்காமல் பீடி பற்றவைத்தார். அத்தை கடைசியாகப் போனாள்.

புதுப்பானையை முறத்தில் கவிழ்த்து, நான்தான் வைக்கோலை விலக்கினேன். விளக்கைக் கிட்டே கொண்டுவந்தார்கள். முறம் நிறைய வெளுப்பாக வேப்பங்கொட்டை. கையால் கிளறினேன். மறுபடி கிளறினேன். நடுவில் ஒரே ஒரு புளியங்கொட்டை கிடந்தது.

எல்லோருடைய கண்ணும் அப்பாவிடம் போனது. வெகுநேரம் கத்திய இளவட்டங்கள் வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டார்கள்.

"சரி," என்றார் அப்பா. "விடிஞ்சதும் எறக்கிடுவோம்."

காலையில் பனி மூட்டத்தில் தெருவே கம்பத்தடியில் நின்றது, பெண்கள் அறுப்புக்கு அரிவாளோடு. காரியக்காரர் வந்திருந்தார். லாரி மதகடியை விட்டு வயலோரம் வந்து நின்றது. போலீஸ்காரர்கள் வேனில் சாய்ந்துகொண்டு வேறெங்கோ பார்த்தார்கள். கயிற்று முடிச்சு பனியில் ஊறி இறுகியிருந்தது. அப்பா நகத்தால் பார்த்தார், பிறகு பல்லால் கடித்து அவிழ்த்தார். கொடி அவர் தோளில் வந்து விழுந்தது. ஒரு கிழவர் மட்டும் ஏனோ துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"இங்க கொண்டா," என்றார் காரியக்காரர்.

அப்பா நிமிர்ந்தார். "எறக்கச் சொன்னீங்க. எறக்கியாச்சுங்க."

"அது என் கையில வரணும்னு அய்யா உத்தரவு. களத்துல வச்சுக் கொளுத்தணுமாம். குடுக்கறியா, இல்ல லாரியில இருக்கறவங்கள எறங்கச் சொல்லட்டுமா?"

"அது பேச்சுல இல்லீங்களே," என்று ஒரு குரல் கேட்டது. பெரியப்பா! முன்னால் வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். "எறக்கறதுதான் பேச்சு. குடுக்கறது பேச்சு இல்லீங்க."

காரியக்காரர் குடையை மடக்கி லாரியைப் பார்த்து நீட்டினார். தடிக்காரர்கள் ஒவ்வொருவராகக் குதித்து இறங்கினார்கள். ஈர மண்ணில் அவர்கள் கால் பதிகிற சத்தம் எனக்குக் கேட்டது. அம்மா என் கையைப் பிடித்திருந்த பிடியில் வளையல் உடைந்து என் மணிக்கட்டில் கீறியது. அப்பா கொடியைச் சுருட்டி மார்போடு வைத்துக்கொண்டார். கொடுக்கவும் இல்லை, நகரவும் இல்லை. தடிக்காரர்கள் வரப்பில் ஏறிவிட்டார்கள்.

அந்த நேரத்தில் அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்து வந்தாள். கொடியில் காய்கிற துணியை எடுப்பது மாதிரி அப்பாவின் கையிலிருந்து அதை எடுத்தாள். அறுப்புக்குப் போகிற பெண்கள் சேலைக்கு மேலே துணி சுற்றுவார்களே, அப்படி இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டாள். காரியக்காரரை அவள் பார்க்கவே இல்லை.

"நேரமாவுது. பனி காஞ்சா நெல்லு கொட்டிப்புடும்," என்றாள், பெண்கள் நின்ற பக்கம் திரும்பி.

வயலில் இறங்கிக் குனிந்து முதல் பிடியை அறுத்தாள். அரிவாள் தாளில் இழுபடுகிற அந்தச் சத்தம் ஒன்றுதான் கொஞ்ச நேரம் அங்கே இருந்தது. பிறகு அம்மா என் கையை விட்டுவிட்டு இறங்கினாள். அப்புறம் பெரியம்மா. அப்புறம் வரிசையாக எல்லாப் பெண்களும் அத்தையைச் சுற்றி இறங்கிக் குனிந்துவிட்டார்கள். சிவப்புத் துணி அந்த வரிசைக்குள் எங்கேயோ மறைந்துபோனது.

காரியக்காரர் வரப்பு ஓரம் வரை வந்து நின்றார். ஒரு பெண்ணின் இடுப்பில் இருக்கிற துணியை, அத்தனை பேர் பார்க்க, உருவச் சொல்லி யாரை அனுப்புவது என்று அவருக்குத் தெரியவில்லை. வேனில் சாய்ந்திருந்த ஏட்டு, "அதான் எறக்கிட்டாங்கள்ல, விடுங்க சார். அறுப்பு நடக்கட்டும்," என்றார். தடிக்காரர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, கால் சேற்றைச் சக்கரத்தில் துடைத்துக்கொண்டு ஏறினார்கள். மத்தியானம் பார்த்தபோது லாரியைக் காணோம்.

அன்று சாயங்காலம் புது நெல்லைக் குத்தி அம்மா சோறு வடித்தாள். அப்பா பல நாளைக்குப் பிறகு உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டார். எனக்கு ஏதென்ஸ்மேல் கோபமாக இருந்தது. அவர்களுடைய பானையால்தானே எங்கள் கொடி இறங்கியது! ஆனாலும் அப்பாவை நினைக்கப் பெருமையாக இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அந்தப் புளியங்கொட்ட ஒண்ணு நீ போட்டதுதானப்பா?" என்று கேட்டேன்.

அப்பா பிசைவதை நிறுத்தினார். கொல்லையில் அத்தை முதுகைக் காட்டி உட்கார்ந்து அரிவாளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளை அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நான் போடலம்மா," என்றார், அவளுக்குக் கேட்காதபடி.

அப்பாவுக்குப் பெருமை பேசுவது பிடிக்காது என்று நினைத்துக்கொண்டேன். அம்மா மூன்று தடவை கூப்பிட்டும் அத்தை சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நாள் முழுக்கக் குனிந்து அறுத்த அலுப்பு என்று நினைத்தேன்.