எலும்புக்குள் ஏழு கிலோ

பால்காரம்மா காதைத் தொட்டாலே மாட்டின் ஏழு தலைமுறை நோயையும் சொல்லிவிடுவாள். சரி, ஏழு கொஞ்சம் அதிகம்தான். காய்ச்சலைக் கண்டுபிடித்துவிடுவாள், அதில் சந்தேகமில்லை.

அன்று காலை தொட்ட காது சில்லென்றிருந்தது. முந்தின நாள் கன்று ஈன்ற செவலைப் பசு, கழுத்தை வளைத்து முகத்தை விலாவில் சாய்த்துக் கிடந்தது. தாயில்லாக் கன்றாக வந்ததைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள் அவள். தட்டினாள், கெஞ்சினாள், திட்டியும் பார்த்தாள். அசையவில்லை.

மாட்டு டாக்டரம்மா வந்து பார்த்தார். “சுண்ணாம்புச் சத்து இறங்கிடுச்சு. விட்டா உயிர் போயிடும்.”

“இறங்கிடுச்சா? ஒரு மாசமா ரெண்டு வேளையும் கால்சியம் டானிக் ஊத்தியிருக்கேனே!”

“என் காபிக்குச் சர்க்கரை போட மறந்துடுவாங்க அண்ணி. இதுக்கு வேளை தவறாது,” என்றாள் நாத்தனார்.

“அதுதான் வினை,” என்ற டாக்டரம்மா, கழுத்து நரம்பில் ஊசியை ஏற்றி, குழலால் நெஞ்சுத் துடிப்பைக் கேட்டபடியே மெல்ல மருந்தை இறக்கினார். “தொண்டைப் பக்கம் பயறளவு சுரப்பி இருக்கு. ரத்தத்துல சுண்ணாம்பு குறைஞ்சா, ஒரு ஹார்மோனை அனுப்பி எலும்புலேர்ந்து எடுத்துக் கொடுக்கும். நீங்க ஊத்தி ஊத்தி அதுக்கு வேலையே இல்லாமப் பண்ணிட்டீங்க, தூங்கிடுச்சு. திடீர்னு பால் சுரக்கவும், ரத்தத்துல இருந்தது மடிக்குப் போயிடுச்சு.”

“ரத்தத்துல எவ்வளவு இருக்கும்?”

“ஒரு டீஸ்பூன். எலும்புல ஏழு கிலோ.”

பால்காரம்மா பசுவைப் பார்த்தாள். ஏழு கிலோவை உள்ளே வைத்துக்கொண்டு ஒரு ஸ்பூனுக்குச் சாகக் கிடக்கிறது. சுரப்பியைத் தூங்க வைத்தது அவள் பாசம்.

பாதி பாட்டில் இறங்கியதும் காது வெதுவெதுத்தது. மூக்கில் முத்து முத்தாக ஈரம் துளிர்த்தது. உடம்பெல்லாம் ஒரு நடுக்கம், நீளமாக ஓர் ஏப்பம், பிறகு சாணி. சற்றுப் பொறுத்துப் பின்கால்களை ஊன்றி, ஒரு வீடே எழுவதுபோல எழுந்து நின்றது.

“இந்த மருந்து சாயங்காலம் வரைக்கும்தான் தாங்கும்,” என்றார் டாக்டரம்மா. “அதுக்குள்ள சுரப்பி முழிக்கணும். ஒட்டக் கறக்காதீங்க, கன்னுக்கு வேண்டியது மட்டும்.”

பகல் முழுக்கக் காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். சாயங்காலமும் காது சூடாகவே இருந்தது. பசு நின்றபடி வைக்கோல் தின்றது. திரும்பி வந்த டாக்டரம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“நான் தூங்க வெச்சதை நீங்க எழுப்பிட்டீங்க.”

“நான் எங்க எழுப்பினேன், அக்கா? கன்னு குடிக்கக் குடிக்க ரத்தத்துல சுண்ணாம்பு குறைஞ்சுது. அந்தக் குறைதான் எழுப்பிச்சு.”