முன்வாங்கில் கிடந்த லேஞ்சி

சென்ற புதன்கிழமை காலை கந்தோர் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது ஹுன்னஸ்கிரியவிலிருந்து தந்தி வந்தது. அருளப்பு உபதேசியார் காய்ச்சலில் காலமாகிவிட்டார். கண்டியில் அவரோடு ஆராதித்த உங்களில் சிலர், அவரைப் பற்றி எழுத இவனுக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். கேளுங்கள். அவருக்கு நான் செய்த தீங்கைச் சொல்லவே எழுதுகிறேன்.

நம் சிற்றாலயத்தில் உட்கார முன்னால் ஒரு வாங்கு, பின்னால் பாய். முன்வாங்கு என்னைப் போன்ற கிளாக்கர்மாருக்கும் கடைக்காரருக்கும் என்பது எழுதாத சட்டம். பிந்தினாலும் இடம் போகாதபடி சனிக்கிழமை மாலையே அதில் முகம் துடைக்கும் என் லேஞ்சியை விரித்துவிட்டு வருவேன். ஒரு ஞாயிறு போனபோது, அம்பிட்டியப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து விடியுமுன் நடந்து வந்த தொழிலாளி யாக்கோபு அங்கே உட்கார்ந்திருந்தான். காலெல்லாம் சேறு. உபதேசியார் என் லேஞ்சியை மடித்துக் கையில் தந்தார்.

“லேஞ்சி நேற்றே வந்திட்டுது, கிளாக்கர். நீங்கள்தான் பிந்திப் போனியள். பின்னால பாயில இடம் கிடக்கு.”

யாக்கோபு பதறி எழுந்தான். “நான் பின்னால போயிர்றேங்க, ஐயா.”

“இருங்கோ. முதல் வந்தது நீங்கள்.”

அவனை அவர் ‘நீங்கள்’ என்றது என்னைச் சுட்டது. அதற்காக ஏழை பக்கம் சாய்ந்தவர் என்றும் நினைக்க வேண்டாம். அடுத்த மாதம் பிந்தி வந்து முன்வாங்கில் நெருக்கப் பார்த்த யாக்கோபின் தம்பியையும் பாய்க்கே அனுப்பினார்.

நான் மேலிடத்துக்கு மனு எழுதினேன். சபையைக் குலைக்கிறார், மாற்றிவிடுங்கள் என்று எழுதி, ஒன்பது பேரிடம் கையெழுத்தும் வாங்கினேன். விசாரணைக்கு வந்த போதகர், “முன்வாங்கை மட்டும் விட்டுக்கொடுங்கள், கண்டியிலேயே இருக்கலாம்” என்றார். உபதேசியாருக்கு இங்கே பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் மூவர்.

“வாங்கு என்ர எண்டால் குடுத்திடுவன், ஐயா. அது ஆண்டவற்ற வீட்டு வாங்கு. அங்க பட்சபாதம் பண்ண எனக்கு ஏலாது.”

மலைத் தோட்டங்கள் நடுவே ஹுன்னஸ்கிரியவுக்கு மாற்றல் வந்தது. புறப்படுமுன் என் வீட்டுக்கு வந்தார். முகத்தில் கோபமில்லை. “மனு நல்ல எழுத்து, கிளாக்கர். இனி ஒரு நல்ல காரியத்துக்கும் எழுதுங்கோ” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு வருஷமாகியும் ஒரு கடிதம்கூட நான் போடவில்லை.

அடக்கத்துக்குப் போனேன். பஸ் பிந்தியதால் நான் போய்ச் சேருமுன் ஆராதனை தொடங்கிவிட்டது. வெள்ளைக் கோட்டும் தலைப்பாகையுமாக, பழக்கதோஷத்தில் நேரே முன்னால் நடந்தேன். வாசலில் நின்ற தொழிலாளி ஒருவர் மெல்லக் கையைக் காட்டினார்.

“ஐயா, பாயில எடம் இருக்குங்க. இங்க வந்த வரிசையிலதான் ஒக்காருவோம். உபதேசியாரய்யா வச்ச முறைங்க.”

பாயில் உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்தவர் தள்ளி இடம் விட்டார். அங்கேதான் அழுதேன்.

அவர் மடித்துத் தந்த லேஞ்சி இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. கோபத்தில் அதைப் பிறகு நான் விரிக்கவேயில்லை. வரும் ஞாயிறு நம் முன்வாங்கில் யாருடைய லேஞ்சி கிடந்தாலும் எடுத்து மடித்து அவரவர் கையில் தருவேன். கோபம் வருகிறவர்கள் என்மேல் மனு எழுதலாம். எழுதத் தெரியாவிட்டால் என்னிடமே வாருங்கள், எழுதித் தருகிறேன். ஆனால் பிந்தி வந்தால் இருக்க இடம் பாயில்தான்.