மூச்சு மட்டும் வந்த போன்

சூலூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைக்கு, மழை ஓய்ந்ததும் ஸ்வெட்டர்க்கார அம்மா குடிவந்துவிடுவார். கோயம்புத்தூர் நடைபாதையில் ஸ்வெட்டர்க் கடை. கர்நாடகத்து அகதி முகாமிலிருந்து வரும் திபெத்துக்காரர். ஊரே அவரை நேபாளி என்றது. திருத்திச் சலித்துப்போய் அவரும் விட்டுவிட்டார். வீட்டில் எல்லோருக்கும் அவர் அக்கா. வந்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது எங்கள் பக்கத்தில் மரியாதைக் குறைவு என்பதால், பேரை யாரும் கேட்டுக்கொள்ளவே இல்லை.

லாசாவில் புத்த பிட்சுவாக இருந்த அவர் தம்பி எங்கள் வீட்டுப் போனுக்கு எப்போதாவது கூப்பிடுவார். பேச்சுக் காதில் விழவேண்டுமே என்று அப்பா வீட்டு முன்கட்டில் ஓடும் விசைத்தறிகளை நிறுத்தச் சொல்வார்.

நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம், லாசா கோயில் வாசலில் கோஷம் போட்டதற்காகத் தம்பியைச் சீனப் போலீஸ் கொண்டுபோய்விட்டது. எங்கள் நம்பரும் அவரோடு சிக்கியது.

"போலீஸ் இங்க கூப்பிட்டுப் பாக்கும். இனி போன்ல நான் பேசினா தம்பிக்கு அடி. என் பேர் தெரிஞ்சா இன்னும் அடி," என்றார் அக்கா அம்மாவிடம்.

அப்புறம்தான் அந்தப் போன்கள் வர ஆரம்பித்தன. எடுத்தால் பேச்சு இருக்காது, மூச்சு மட்டும் வரும். அக்கா வாங்கிக் காதில் வைத்துக்கொள்வார். தம்பியாக இருந்தால் முதலில் பேசட்டும் என்று வாய் திறக்காமல் நிற்பார். தறிகள் நின்ற வீட்டில், இரண்டு பக்கமும் பேசாத ஒரு போன். பேய்தான் கூப்பிடுகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்கு எங்கள் நம்பரைக் கொடுத்தது யார் என்பதுதான் கவலை.

ஒரு சாயங்காலம் அக்கா கடையிலிருந்து வந்திருக்கவில்லை, அப்பாவும் இல்லை. போன் அடித்தது. அம்மா எடுத்தாள். பேசக்கூடாது என்று அவளுக்கும் தெரியும்தான். ஆனால் வந்தவரை வாயார ஒரு வார்த்தை கேட்காமல் அவளால் இருக்க முடியாது. தூரம் கூடினால் சத்தமும் கூடவேண்டும் என்று வேறு நம்பினாள்.

"ஏனுங்க, தம்பீங்களா? அக்கா நல்லா இருக்குதுங்க! வெசனப்படாதீங்க! சாப்ட்டீங்களா?"

மூச்சு நின்றது. ஓர் ஆண்குரல் புரியாத பாஷையில் அதட்டலாக என்னவோ கேட்டது.

"அக்காங்க, அக்கா!" என்று கத்தினாள் அம்மா.

அவள் தோளில் ஏறி நானும் காதை ஒட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் குரலுக்கு வெகு பின்னால், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இன்னொரு குரல் கேட்டது. "அக்கா." ஒவ்வொரு முறையும் அப்பா ரிசீவரைப் பிடித்துக்கொண்டே கொல்லைப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டதைக் கேட்டு, தம்பி கற்றுக்கொண்டிருந்த ஒரே தமிழ் வார்த்தை. உடனே அங்கே எதுவோ விழுந்தது. போன் கட்டானது.

அக்கா திரும்பியதும் அம்மா அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. முதலில் கேட்டது, "என் பேரைச் சொன்னீங்களா?" என்றுதான்.

"பேரு எனக்கெங்கீங்க தெரியும்?" என்றாள் அம்மா.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்தார். "உயிர் இருக்கு," என்றார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

பேய் இல்லை என்று ஆனதில் எனக்குத் தைரியம் வந்திருந்தது. "தம்பி எதுக்குங்க அக்கா அத்தன தூரத்துல நின்னு பேசறாரு? பக்கத்துல வந்து பேசலாமில்லீங்க?" என்று கேட்டேன்.

அம்மா என் வாயைப் பொத்தினாள். நான் அப்படி என்ன தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.