மூன்று ஃப்ரேம் வெள்ளை

கோமதிநாயகம் அண்ணாச்சி போய்விட்டார்.

காலையில் அவர் மகள் போனில் சொன்னாள். தூக்கத்திலேயே...

இங்கே நிறையப் பேருக்கு அவரைத் தெரிந்திருக்காது. தொண்ணூறுகளின் கடைசியில் பாளையங்கோட்டையில் கல்யாண வீடியோ எடுத்து, எடிட் செய்து, கேசட்டில் போட்டுக் கொடுத்தவர். அவர் கடையில் டைட்டில் அடிக்கிற வேலை எனக்கு. மணமக்கள் பெயர், நாலு மூலையிலும் ரோஜாப்பூ... எல்லாம் என் கைவண்ணம்தான். சிரிக்காதீர்கள்.

கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, வீட்டு வீடியோக்களை எடிட் பண்ணுகிற ஒரு சாஃப்ட்வேரும் கூடவே வந்தது. அதில் அண்ணாச்சி தட்டுத்தடுமாறித் தானாகவே கண்டுபிடித்ததுதான் கேமரா ஃப்ளாஷ்.

ஓடுகிற வீடியோவை ஒரு முகத்தில் நிறுத்துவார். அதற்கு முன்னால் வெறும் வெள்ளையாகச் சில ஃப்ரேம். கூடவே ஒரு 'க்ளிக்'. பார்க்கிறவர்களுக்கு அந்த இடத்தில் யாரோ போட்டோ எடுத்த மாதிரியே இருக்கும்.

எத்தனை ஃப்ரேம் வெள்ளை என்பதற்கு மட்டும் ஒரு வாரம் மல்லுக்கட்டினார். "ரெண்டு போட்டா கண்ணுக்கே தெரிய மாட்டேங்கு. நாலு போட்டா மின்னல் வெட்டுன மாதிரி இருக்கு. மூணுதாம்மா சரி."

அந்த க்ளிக் எது தெரியுமா? அவருடைய டிபன் கேரியரின் கொக்கி. மைக் பக்கத்தில் வைத்துப் பூட்டி ரெக்கார்டு பண்ணினோம்.

அப்புறம் மனிதரைக் கையில் பிடிக்க முடியவில்லை. மாலை மாற்றினால் ஃப்ளாஷ், தாலி கட்டினால் ஃப்ளாஷ், பாயச வாளிக்கும் ஃப்ளாஷ்.

குலசேகரன்பட்டினத்துப் பார்ட்டி ஒருவர், படம் வெள்ளை வெள்ளையாக வெட்டுகிறதே, டி.வி. ரிப்பேர் என்று அதை மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு போய்விட்டார். டி.வி.யில் ஒரு கோளாறும் இல்லை என்று அவன் சொன்ன பிறகு கேசட்டோடு எங்களிடம் வந்தார். நான் சிரிப்பை அடக்க உள்ளே ஓடினேன். அண்ணாச்சி அசரவில்லை. டீ வாங்கிக் கொடுத்து, ஒவ்வொரு ஃப்ளாஷையும் அவருக்குப் போட்டுக் காட்டி அனுப்பினார்.

அடுத்தது என் கல்யாணம்... எழுதலாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

காதல் கல்யாணம். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. கோர்ட்டில் கிளார்க், சொன்னால் சொன்னதுதான். "நீ கெட்டிக்கோ. நான் வர மாட்டேன்." அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார்.

மாப்பிள்ளை ஊரான திசையன்விளையில் கல்யாணம். அம்மா மட்டும் சித்தியோடு வந்தாள். நான் மணவறையில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாலி கட்டும்போது மட்டும் தலை குனிந்தேன். அப்பா வரவில்லை.

வீடியோ எடுத்தது அண்ணாச்சிதான். ஒரு மாதம் கழித்துக் கேசட் வந்தது. மாமியார் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். வழக்கம்போல ஃப்ளாஷுக்கு மேல் ஃப்ளாஷ், ஒரே கேலி.

தாலி கட்டுகிற இடம் வந்தது. ஃப்ளாஷ் இல்லை. எனக்கு ஆச்சரியம், அதை மட்டும் அண்ணாச்சி விட்டதே கிடையாது.

கேமரா கூட்டத்தின் பக்கம் திரும்புகிறது. எல்லோரும் அட்சதை போடுகிறார்கள். அப்போது... வெள்ளை. க்ளிக்.

மண்டப வாசலில் அப்பா. கக்கத்தில் ஆபீஸ் பை, ஒரு கை மேலே தூக்கியபடி. அங்கிருந்து போட்ட அட்சதை கடைசி வரிசையைக்கூடத் தாண்டியிருக்காது.

படம் அப்படியே நின்றது. அண்ணாச்சி ஒருத்தருக்கும் அவ்வளவு நேரம் கொடுத்ததில்லை. யாரும்மா அது என்று மாமியார் கேட்டார். நான் அழுதேன்.

மறுநாளே பஸ் ஏறிக் கடைக்குப் போனேன். அப்பா வந்ததை அன்றைக்கே பார்த்தீர்களா என்று கேட்டேன். இல்லையாம். எடிட் பண்ணும்போது ஒரு செகண்ட் அப்பா திரையில் கடந்து போனாராம். என்னைக் கூட்டிப்போகக் கடைக்கு வந்த முகம் ஆயிற்றே என்று திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாராம்.

"ஓட விட்டா நீ பாக்காமப் போயிருவ. அதான் நிப்பாட்டுனேன். அப்பாட்ட ஒண்ணுங் கேக்காத. போட்டு மட்டும் காட்டு."

கேசட்டோடு வீட்டுக்குப் போனேன். அப்பா பேப்பரிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. அம்மா பக்கத்து வீட்டு வீடியோ டெக்கை வாங்கி வந்து போட்டாள். மாலை, தாலி, அட்சதை... வெள்ளை. க்ளிக். அப்பா.

அப்பா பேப்பரை மடித்து வைத்தார்.

"ஏட்டி, இது என்ன அநியாயமா இருக்கு? நான் நின்ன எடத்துல போட்டோக்காரன் ஒருத்தனும் கெடையாதே. எவன் லைட் அடிச்சான்?"

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். நான் அழுகிறேன். அதற்குப் பிறகுதான் தான் சொன்னது அப்பாவுக்கே உறைத்தது. எழுந்து உள்ளே போகிற மாதிரி போய், சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

இதைக் கேட்டு அண்ணாச்சி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அது எடிட்டிங்கில் போட்டது என்று அப்பாவிடம் சொல்லவே கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். இன்றுவரை சொல்லவில்லை.

சற்றுமுன் அப்பாவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். எண்பது தாண்டிவிட்டது, இப்போது பெயர்கள் பிடிபடுவதில்லை.

"நம்மள போட்டோ பிடிச்சவரா?"

ஆமாம்ப்பா என்றேன்.

"வேட்டிய எடுத்துக் குடு. போயிட்டு வந்துருவோம்."

ஆட்டோ சொல்லியாயிற்று. அப்பா எனக்கு முன்னாலேயே கிளம்பி வாசலில் நிற்கிறார்.

இந்தத் தடவை உள்ளே கூட்டிக்கொண்டு வருகிறேன், அண்ணாச்சி...