தேவையில்லாத ஓட்டம்

தொண்ணூறுகளில் வெளிநாட்டில், லாங்கன்தால் என்ற நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தேன். கிழமை முழுக்கப் பெட்டி தூக்கி அலுத்துப்போன உடம்போடு சனிக்கிழமைகளில் பேஸ்போல் விளையாடப் போவேன். ஊரில் கிரிக்கெட் ஆடியவன் என்று என்னைக் கூட்டிப்போனவர், கூட வேலை செய்த ராசன் அண்ணை.

அன்று பன்னிரண்டு ஓட்டங்கள் முன்னிலையில் இருந்தோம். ராசன் அண்ணை பந்தை அடிக்கத் துடுப்போடு நின்றார். நான் ஓடுபவர்கள் தங்கும் முதல் இடமான முதல் பேஸில் நின்றேன். களைத்துப்போன எதிரணியில் ஒருவரும் என்னைக் கவனிக்கவில்லை. பந்து வீசுபவர் கையை உயர்த்தியதும் ஓடி, அண்ணை அடிக்காமலே இரண்டாவது பேஸைப் பிடித்துவிட்டேன். கிரிக்கெட்டில் கிடைக்கிற ஓட்டத்தை விடுபவன் சோம்பேறி. இங்கே எங்கள் அணிகூடக் கைதட்டவில்லை.

அடுத்த பந்து நேரே அண்ணையின் விலாவில் பட்டது. அவர் குனிந்து கொஞ்ச நேரம் நின்றார். பிறகு துடுப்பை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, பந்து பட்டவருக்குக் கிடைக்கிற முதல் பேஸுக்கு நடந்தார்.

ஆட்டம் முடிந்ததும் கேட்டேன். "அண்ணை, அவன் வேணுமெண்டே எறிஞ்சவனோ?"

"ஓம். இவ்வளவு முன்னுக்கு நிக்கேக்க பேஸ் களவெடுக்கிறேல்லை. ஒரு புத்தகத்திலயும் எழுதேல்லை, ஆனா எல்லாருக்கும் தெரியும்."

"அப்ப எனக்கெல்லோ எறிஞ்சிருக்கோணும்?"

"பந்துக்கு முன்னால நிண்டது நானெல்லோ."

திங்கட்கிழமை அண்ணையால் இடது கையைத் தூக்க முடியவில்லை. மேற்பார்வையாளரிடம் படியில் விழுந்ததாகச் சொன்னார். அந்தக் கிழமை முழுக்க அவருடைய பெட்டிகளையும் நானே தூக்கினேன். அவர் தடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்க மட்டும் எனக்கு வாய் வரவில்லை.

இப்போதும் ஏதாவது சுலபமாகக் கிடைக்கும்போது, எடுப்பதற்கு முன் எனக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று ஒருமுறை திரும்பிப் பார்க்கிறேன்.