அணு மாஸ்டரும் ஒரு போத்தல் மண்ணெண்ணெயும்

மின்சாரம் இல்லாத ஊரில் பௌதிகம் படிப்பிக்கிற தொழில், சாமியைக் காட்டாமல் சமயம் படிப்பிப்பது மாதிரி. நம்புகிற பிள்ளை படிக்கும், நம்பாத பிள்ளை யன்னலுக்கு வெளியே பார்க்கும். கரவெட்டியில் ஒரு ரியூட்டரியில் உயர்தர வகுப்புக்கு நான் இந்தத் தொழிலைத்தான் கன வருஷம் செய்தேன். வெண்கட்டித் தூளை விழுங்கித் தொண்டை வறண்டுபோன சக ரியூட்டரி மாஸ்டர்மாரே, இது உங்களுக்காக எழுதுவது. மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

பால்மாவுக்குள் அணு

சோவியத் நாட்டில் அணு உலை வெடித்த வருஷம் நான் தொழிலுக்குப் புதிது. வெளிநாட்டுப் பால்மாவில் ஏதோ கலந்திருக்கிறதாம் என்று ஊரெல்லாம் ஒரே கதை. கூட்டுறவுச் சங்கக்கடையில் சீனிக்கு நின்றபோது, எங்கள் ஒழுங்கையில் இருக்கும் பூமணி அக்கா ஒரு பால்மா ரின்னை என் மூக்குக்கு நேரே நீட்டினார். "தம்பி, நீர் உந்தப் பாடத்தைத்தானே படிப்பிக்கிறனீர். இதுக்குள்ளை அணு இருக்கோ?"

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. எந்தப் பொருளை எடுத்தாலும் அதில் அணு இருக்கும், பால்மாவில் இருக்கும், சீனியில் இருக்கும், ஏன், உங்களிலும் என்னிலும் இருக்கும் என்று விளக்கம் கொடுத்தேன். வரிசையில் நின்ற சனம் "பால்மாவில் இருக்கும்" என்ற இடத்தோடு கேட்பதை நிறுத்திவிட்டது. பூமணி அக்கா ரின்னைத் திருப்பிக் கொடுத்தார். பின்னால் நின்றவர்களும் கொடுத்தார்கள். ஒரு மனிதர் சீனியையும் சேர்த்துக் கொடுத்தார். அணு வேறு, கதிர்வீச்சு வேறு என்று நான் கத்தியது ஒருவர் காதிலும் ஏறவில்லை. அன்றைக்கு விழுந்த பெயர்தான் 'அணு மாஸ்டர்'. சங்கக்கடை மனேச்சர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மாஸ்டர், இனி இஞ்சை வந்தால் சாமானை வாங்கிக்கொண்டு போங்கோ. வாயை மட்டும் திறவாதேங்கோ."

போன கரண்ட்

தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தோடு போன கரண்ட் போனதுதான். சுவரில் ஆளி இருக்கும், முகட்டில் குமிழ் இருக்கும், இரண்டிலும் சிலந்தி குடியிருக்கும். நான் அவற்றைக் காட்டித்தான் மின்னோட்டம் படிப்பித்தேன். ஆளியைப் போட்டால் சுற்று பூர்த்தியாகும், குமிழ் எரியும் என்று சொல்லி ஆளியைப் போடுவேன். ஒன்றும் நடக்காது. "எரிந்ததாக வைத்துக்கொள்ளுங்கோ" என்பேன். பிள்ளைகளும் எரிந்ததாக வைத்துக்கொண்டு கணக்குச் செய்வார்கள். அணுக்கருப் பாடமும் இதே சீரில்தான் போனது. கடைசி வாங்கில் இருந்த ஒருவன் எழும்பி மரியாதையாகக் கேட்டான்.

"சேர், கரண்ட் வந்தாப்பிறகு இந்தப் பாடத்தை இன்னொருக்கா எடுப்பியளோ?"

மிதிக்கிற சக்தி

பரீட்சை நெருங்கியபோது எனக்கு நித்திரை போனது. பாடம் முடியவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு, வீட்டு வேலை முடித்து வகுப்புக்கு வர வெயில் சாய்ந்துவிடும். மண்ணெண்ணெய் தட்டுப்பாடு. ஜாம் போத்தல் விளக்குக்குக் கூட ஊற்ற ஒரு சொட்டு கிடையாது. கடைசியில் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, கரும்பலகைக்கு மேலே சைக்கிள் லைற்றைக் கட்டினேன். ஒருவர் மிதிக்க மற்றவர்கள் எழுதுவது என்று ஏற்பாடு.

பெடியன்கள் வீரமாக ஏறி, இளைத்துக்கொண்டு இறங்கினார்கள். களைக்காமல் மிதித்தவள் வதனி ஒருத்திதான். அவள் விறகுகாலை வைத்து விறகு விற்கும் சின்னத்துரை அண்ணையின் மகள். என் வகுப்பில் பல்கலைக்கழகம் போவாள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய ஒரே பிள்ளையும் அவள்தான். அவள் சைக்கிளில், பேனை மேசையில். ஒருநாள் மிதித்துக்கொண்டே கேட்டாள்.

"சேர், மிதிச்சால் எழுதேலாது, எழுதினால் மிதிக்கேலாது. எனக்கு எதுக்கு மாக்ஸ் போடுவினம்?"

சிவப்புத் தாள் சுற்றிய பரிசு

அந்த நேரம் பார்த்து எங்கள் வாசிகசாலை ஆண்டுவிழாவுக்கு விவாதம் வைத்தார்கள். 'மனிதருக்குப் பாதுகாப்பான சக்தி அணுசக்தியே.' வெட்டிப் பேச ஆட்கள் முண்டியடித்தார்கள். ஒட்டிப் பேச ஒரு குருவியும் இல்லை. அணு மாஸ்டர் இருக்கிறாரே என்று என் தலையில் கட்டினார்கள். மாட்டேன் என்று சொல்லத்தான் போனேன். செயலாளர் மேசையில் இருந்த பரிசைக் காட்டினார். சிவப்புத் தாள் சுற்றிய ஒரு முழுப் போத்தல் மண்ணெண்ணெய். நான் உடனே அணுசக்திக்கு உயிரைக் கொடுக்கத் தயாரானேன்.

எதிரணியில் சின்னத்துரை அண்ணை. ஊரில் கரண்டும் மண்ணெண்ணெயும் இல்லாததால் வியாபாரம் செழித்த ஒரே மனிதர். வண்டில் வண்டிலாக விறகு எரிக்கிற வேலையைக் கைப்பிடியளவு யுரேனியம் செய்யும், சுவர் மேல் சுவர் கட்டி அதைக் காப்பார்கள் என்று தொடங்கினேன். ஈர விறகை ஊதி ஊதி எங்கள் பெண்களின் கண்ணும் நெஞ்சும் பழுதாவதை யார் கணக்கெடுக்கிறார்கள் என்று கேட்டேன். அதை மனதாரத்தான் கேட்டேன். பெண்கள் பக்கம் கைதட்டல் எழும்பியது. போத்தலை ஒருமுறை பார்த்துக்கொண்டேன். வதனி மேசையில் இருந்து எழுதுகிற மாதிரியே தெரிந்தது.

சின்னத்துரை அண்ணை சால்வையை இழுத்துவிட்டு ஆறுதலாக எழும்பினார்.

"மாஸ்டரும் உலை எண்டுறார், நாங்களும் உலை எண்டுறம். எங்கடை உலை பொங்கினால் அடுப்பு அணைஞ்சு நூரும். அவையின்ரை உலை பொங்கினால் ஊரே நூர்ந்துபோகுமெல்லோ!"

பங்கருக்குள் தீர்ப்பு

நான் பதில் சொல்ல எழும்பவும் குண்டு போடுகிற பொம்மர் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. அணுவும் விறகும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வாசிகசாலை வளவில் வெட்டியிருந்த பங்கர்க் குழிக்குள் விழுந்தன. கடைசியாக இறங்கிய நடுவர், ஒரு பென்சன்காரத் தபாலதிபர், பரிசுப் போத்தலை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். மேலே விமானம் சுற்றுகிறது, உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு நாங்கள், நடுவில் மண்ணெண்ணெய். அதை வெளியே வையுங்கோ என்று பாதிப்பேர் கத்தினார்கள். வெளியே வைத்தால் ஆராவது கொண்டு போய்விடுவான் என்று மீதிப்பேர் கத்தினார்கள். சக்தியின் பாதுகாப்பைப் பற்றி அன்றைக்கு நடந்த உண்மையான விவாதம் அதுதான்.

குண்டு எங்கோ தூரத்தில் விழுந்தது. சத்தம் அடங்கியதும் மேலே போகக்கூடப் பொறுமையில்லாமல் நடுவர் அங்கேயே தீர்ப்புச் சொன்னார். போத்தல் சின்னத்துரை அண்ணைக்குப் போனது. விறகு அடுக்கிய வீட்டுக்கு மண்ணெண்ணெய் எதற்கு என்று எனக்கு அழுகை முட்டக் கோபம் வந்தது. எந்த நியாயத்தில் தீர்த்தீர்கள் என்று கேட்டேன்.

"தம்பி, இந்தக் குழிக்குள்ளை ஒரு போத்தல் எண்ணெயோடை இருக்கவே எனக்கு உயிர் போயிட்டுது. உம்மடை அணுவோடை எப்பிடி ஐசே இருக்கிறது?"

எதிரணி வந்தது

அடுத்த நாள் மாலை வகுப்பு. வழக்கம்போல வதனி சைக்கிளில் ஏறினாள். முதல் கணக்கைக் கரும்பலகையில் பாதி எழுதியபோது வாசலில் செருமல் கேட்டது. சின்னத்துரை அண்ணை. சிவப்புத் தாள்கூடக் கழற்றாத போத்தலை என் மேசையில் வைத்தார். மகளைப் பார்த்தார். டைனமோ உரசுகிற சத்தம் நின்றது, லைற்றும் நின்றது. அந்த மங்கலில் வதனி இறங்கிவந்து தன் பேனையைத் தேடி எடுத்தாள். வென்ற பரிசை ஏன் அண்ணை கொண்டுவந்தீர்கள் என்று கேட்டேன்.

"அணு பாதுகாப்போ, விறகு பாதுகாப்போ, எனக்கென்ன தெரியும் மாஸ்டர்? பிள்ளை இரவிலை காலைப் பிடிச்சு அமத்திக்கொண்டு படுக்கிறாள். இது முடிஞ்சால் சொல்லுங்கோ, எங்கையெண்டாலும் தேடித் தாறன். இனி அவளை எழுத விடுங்கோ."

அணுசக்திக்காக நான் தொண்டை கிழியப் பேசியதற்கெல்லாம் சேர்த்து என் வகுப்புக்குக் கிடைத்த வெளிச்சம், எதிரணி கொண்டுவந்து தந்த அந்த ஒரு போத்தல்தான்.