பெரோசீன் போத்தலும் பௌசியா ரீச்சரும்

வெள்ளிக்கிழமை காலை பௌசியா ரீச்சரின் மகன் தொலைபேசியில் அழைத்தார். “உம்மா மௌத்தாகிட்டா ரீச்சர். விடிய ஸுபஹ் தொழுதுட்டுப் படுத்தவ” என்றார். ஆரையம்பதியிலிருந்து காத்தான்குடிக்கு நடந்தே போய்விடலாம். ஆனாலும் மரணச் செய்தி கேட்ட நான் எழுந்து புறப்பட வெகு நேரமாயிற்று.

எங்கள் கடலோரப் பாடசாலையில் பௌசியா ரீச்சர் இரசாயனவியல் கற்பித்தார்; நான் உயிரியல். சுனாமி அவருடைய கணவரைக் கொண்டுபோனது. விதவைகள் வீட்டோடிருக்கும் இத்தாக் காலம் முடிந்து அவர் திரும்பியபோதும் ஆய்வுகூடம் சேறாகவே கிடந்தது. இருவரும் துப்புரவாக்கினோம். ஒரு சிறு போத்தலுக்குள் கலங்கிய நீரும் செம்மஞ்சள் தூளும் இருந்தன. எறியப்போன என் கையைப் பிடித்தார்.

“எறியாதகா. இது பெரோசீன். தண்ணியில கரையாது.”

தூளை வடித்து உலர்த்தி, கண்ணாடித் தட்டிலிட்டு மூடி, மெல்லச் சூடாக்கினார். அது உருகாமலே ஆவியாகி, குளிர்ந்த மூடியின் அடியில் பளபளக்கும் பளிங்குகளாகப் படிந்தது. சேறு கீழே தங்கிவிட்டது. கற்பூரம் போல ஒரு மணம். இரண்டு காபன் வளையங்களுக்கு நடுவே ஓர் இரும்பணு, அதனால்தான் இத்தனை உறுதி என்றார்.

“உங்களப் போல” என்றேன்.

“என்னய இதோட சேர்க்காதகா. இது அழாது.” அப்போதுதான் அவர் அழுவதை முதன்முறையாகக் கண்டேன்.

போர் முடிவதற்குச் சற்று முன், செட்டிபாளையத்தில் உயர்தர மாணவர்களுக்கு ஒரு வகுப்பு. அந்தப் போத்தலோடு பஸ்ஸில் போனோம். சோதனைச் சாவடியில் அது அகப்பட்டது. சாயத்தூள் என்று சொல்லுமாறு கிசுகிசுத்தேன். அவரோ, தமிழ் தெரிந்த அதிகாரியிடம் உள்ளதைச் சொன்னார். “இரும்பு சேர்ந்த ஒரு சேர்வை, சேர். பிள்ளையளுக்குக் காட்டத்தான். பெற்றோலுக்கும் கலக்கிறவங்க, எஞ்சின் தட்டாம ஓடும்.”

பெற்றோல் என்றதும் அதிகாரியின் முகம் மாறியது. என் பக்கம் திரும்பினார். “இது என்ன?”

“எனக்கொண்டும் தெரியா. இவட சாமான்” என்றேன். ரீச்சர் அருகில்தான் நின்றார்.

என்னைப் போகவிட்டார்கள். அடுத்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். அவரைப் பின்னேரம் வரை வைத்திருந்து, போத்தலைப் பறித்துக்கொண்டு அனுப்பினார்கள்.

மறுநாள் ஆசிரியர் அறையில் ஒருவர் என்னிடம் கேட்டார்: “நீங்க ரெண்டு பேரும்தானே போனீங்க?”



“அவ நிக்கத்தான் பாத்தா. நான்தான் ஏசிப் போகச் சொன்ன” என்றார் பௌசியா ரீச்சர், புத்தகத்திலிருந்து கண்ணெடுக்காமல்.

பொய்யே சொல்லத் தெரியாதவர் என்று அவரைப் பற்றி இந்த மரண வீட்டில் கூடியிருக்கும் நீங்கள் பேசிக்கொள்கிறீர்கள். ஒன்று சொன்னார், எனக்காக. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அதைத்தான்.